மாப்பிள்ளை கேட்ட கரண்ட் பில்

ஜெனீவா
வியாழக்கிழமை

பேரன்புக்குரிய உருத்திரமூர்த்தி மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகனும் மருமகனுமான நிலக்ஷன் பணிவன்புடன் எழுதுவது. நான் இங்கு நலம். இது இன்று காலை கண்ணாடியில் பார்த்த அளவில் சொல்வது. வைத்தியர் எவரும் உறுதிப்படுத்தவில்லை. ஓஸ்டர்முண்டிகனில் நீங்களும் சிவமலர் மாமியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று அனுமானித்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் எழுதினால் மாமி எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார் என்ற பயத்தில்தான் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து இதை மாமிக்குக் காட்ட வேண்டாம். இது நாங்கள் ஆண்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை எம்மன்புரூக்கேக்கு, லக்சாயினி வீட்டுக்குப் போனேன். நாங்கள் இருவரும் விரும்புவது உங்களுக்குத் தெரியும். அவள் தகப்பன் தம்பித்துரை அங்கிள் என்னைப் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று வரச்சொல்லியிருந்தார். உங்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஒரு சட்டத்தரணிக்குக் கதைக்கத் துணை எதற்கு என்று தலைக்கனத்தில் தனியே போனேன். இத்தனைக்கும் நான் ஒரு நீதிமன்றத்தின் படியைக்கூட மிதித்தவன் இல்லை.

சோபாவில் இருத்திவிட்டு அங்கிள் முதலில் கேட்டது, "தம்பி என்ன வேலை செய்யிறியள்?" லண்டனில் இருக்கிற ஒருவர் ஹொங்கொங்கில் கப்பல் வாங்குவதற்காக நான் ஜெனீவாவில் இருந்துகொண்டு ஒரு கரீபியன் தீவில் கொம்பனி திறந்து கொடுப்பேன் என்று விளக்கினேன். "அந்தத் தீவுக்குப் போயிருக்கிறியளோ?" இல்லை என்றேன். "அந்தக் கொம்பனியிலை ஆர் வேலை செய்யினம்?" ஒருவரும் இல்லை. "கட்டடம்?" தபால்பெட்டி இருக்கிறது, ஆனால் அது இன்னும் பல கொம்பனிகளுக்கும் பொது என்றேன். "அப்ப நீங்கள் என்னதான் செய்யிறியள்?" எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று கையெழுத்து வைப்பேன் என்றேன். மாமா, சொல்லும்போது எனக்கே அது ஒரு வேலையாகத் தெரியவில்லை.

அதோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். "தம்பி குடிப்பியளோ?" என்று கேட்டார். இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். எங்கள் தொழிலில் எதையும் நிபந்தனை இல்லாமல் எழுதிக் கொடுத்தால் அது கழுத்துக்குச் சுருக்கு. அந்தப் பழக்கத்தில், "இண்டைய திகதி வரைக்கும், எனக்குத் தெரிஞ்ச அளவிலை, இல்லை அங்கிள்" என்றேன். "என்ரை பிள்ளையைக் கண்கலங்காமல் வைச்சிருப்பியளோ?" என்றார். "முழுப் பொறுப்பு எடுக்க ஏலாது, ஆனால் நியாயமான முயற்சி எடுப்பன்." லக்சாயினி கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆனாலும் அந்த மனிதர் பொறுமைசாலி. பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு. எனக்குச் சம்மதமெண்டே வையுங்கோ. இனி என்ன செய்யவேணும்?" என்றார். இந்த இடத்தை எப்படி எழுதுவேன்! எங்கள் தொழிலில் கடதாசியில் பெயர் உள்ளவர் ஒருவர், உள்ளே முடிவு எடுக்கிறவர் இன்னொருவர். அந்தக் கடைசி ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் எனக்குச் சம்பளம். அதனால் எவர் வந்து "இனி என்ன?" என்று கேட்டாலும் ஆளையும் விலாசத்தையும் உறுதிப்படுத்த என் வாய் தானாக ஒன்றைச் சொல்லும். அங்கும் சொல்லிவிட்டது. "உங்கடை பாஸ்போட் கொப்பி ஒண்டும், மூண்டு மாதத்துக்குள்ளை வந்த கரண்ட் பில்லும் தாங்கோ அங்கிள். நொத்தாரிசு உறுதிப்படுத்தினதெண்டால் நல்லது."

வடைத் தட்டோடு வந்த லக்சாயினியின் அம்மா ஜெயகௌரி அன்ரி அப்படியே நின்றார். அங்கிள் சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அகதியாய் இந்த நாட்டுக்கு வந்த நாளிலையிருந்து எல்லாரும் என்னட்டைக் கேட்டது இதைத்தான். ஒவ்வொரு கவுண்டரிலையும் காட்டிக் காட்டி இப்பதான் ஓய்ஞ்சு இருக்கிறன். இப்ப மருமகனுக்கும் காட்டவேணுமோ?" பிறகு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்றார். எங்கள் ஆட்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது ரயிலில் அழுதேன் மாமா. லக்சாயினி இல்லாமல் எனக்கு ஏலாது. இந்த ஒரு வசனத்துக்கு நிபந்தனை எதுவும் இல்லை.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போய்த் தம்பித்துரை அங்கிளோடு கதையுங்கள். பொடியனுக்கு இது தொழிலால் வந்த வியாதி, குணம் தங்கம் என்று சொல்லுங்கள். தங்கம் என்பதற்கு ஆதாரம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். உங்கள் இரண்டு பேரின் ஆசியும் என் தலைக்கு மேல் இருக்கட்டும். அந்தத் தலைக்குள் ஒன்றும் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது.

என்றும் உங்கள் அன்பு மருமகன்,
நிலக்ஷன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது லக்சாயினி போனில் அழைத்தாள். "அப்பாவின்ரை கோவம் அண்டைக்கே போயிட்டுது. பாஸ்போட்டைக் கொப்பியடிச்சுக்கூட வைச்சிருக்கிறார். எங்கடை வீட்டிலை அப்பா கையெழுத்து வைக்கிற ஆள் மட்டும்தான். முடிவு அம்மாவின்ரை. அம்மாவை நீங்கள் நிமிந்தும் பாக்கேல்லையாம். ஒரு கேள்வி கேக்கேல்லையாம். வடையை மட்டும் எடுத்தனீங்களாம்" என்றாள். கடைசி ஆளைத் தேடிப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன், அவர் கையால் வடை வாங்கித் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். எனவே மேலே எழுதிய எதையும் நம்பி நடக்க வேண்டாம். எம்மன்புரூக்கேக்கு நீங்கள் போகவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே ஜெயகௌரி அன்ரியிடம் போகிறேன். என்ன கதைப்பது, எப்படிக் கதைப்பது என்றுதான் தெரியவில்லை. அதனால் தயவுசெய்து இந்தக் கடிதத்தைச் சிவமலர் மாமியிடம் கொடுத்துவிடுங்கள். முதலிலேயே அவருக்குத்தான் எழுதியிருக்க வேண்டும்.