எல்லாருக்கும் மேலே குணசுந்தரி

"யோவ் பாஸ்கலு! அக்கா போனு கொதிக்குதுய்யா! ஈரத்துணி சுத்தி வெச்சிகினு கீது!"

கேட்டிலிருந்து வாட்ச்மேன் வரதன் கத்தியதும் பாஸ்கல் அவசரமாகக் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

திருவொற்றியூரில் இருந்த அந்தக் கண்டெய்னர் யார்டில் அவன் புது டைரக்டரியை ஓட்ட ஆரம்பித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. யார் யார் வேலை செய்கிறார்கள், எந்தப் பிரிவு, யாருக்குக் கீழே, எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே பட்டியலாக இருக்கும். லீவு, கேட் பாஸ், வேலை ஆர்டர் எதுவானாலும் அது தானாகவே அவரவர் மேலதிகாரியின் போனுக்குப் போகும். அவர் ஓகே அழுத்தினால் முடிந்தது.

இதை ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் கான்ட்ராக்ட் பாஸ்கல் பர்மனெண்ட் ஆவான். பர்மனெண்ட் ஆனால்தான் ராயபுரம் சர்ச்சில் அவனுக்கும் மெர்லினுக்கும் கல்யாண ஓலை வாசிக்க, அதாவது பூசையில் கல்யாணத்தை அறிவிக்க, அவள் அப்பா சம்மதிப்பார். மூன்று வருடமாக அந்த மனிதர், "ஆர்டர் வந்துச்சா?" என்பதைத் தவிர இவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கெடுத்தது ஃபாரம்தான். 'உங்கள் மேலதிகாரி யார்?' என்ற கேள்விக்கு யார்டே சேர்ந்து ஒரே பெயரை எழுதியிருந்தது: குணசுந்தரி. டைம் ஆபீஸில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பவர், யார்டுக்கே அக்கா. ஷிஃப்ட் மாற்றமா, கையுறையா, மாமியார் சாவா, எதுவானாலும் அவரிடம்தான் போவார்கள். மேனேஜர் அலெக்ஸாண்டரும் அவர் பெயரைத்தான் எழுதியிருந்தார். அதனால் அத்தனை பேரின் கோரிக்கையும் அக்காவின் ஒரே போனில் வந்து குவிந்தது.

"பழக்கத்துல வந்துடுச்சுடா" என்று அசடு வழிந்தார்.

செவ்வாய் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் அவரவர் பிரிவுத் தலைவருக்குக் கீழே மாற்றினான் பாஸ்கல். அப்பாடா!

புதன்கிழமை இன்னும் மோசம். கிரேன் பிரிவுத் தலைவர் சாலமனின் போனுக்கு ஆபரேட்டர் அறிவின் லீவுக் கோரிக்கை வந்தது. அவர் எழுந்து நேராக டைம் ஆபீஸுக்கு நடந்தார்.

"அக்கா, அறிவு லீவு கேக்கறான். குட்த்துடவா?"

அவர் பின்னால் மற்ற ஆறு பிரிவுத் தலைவர்களும் வரிசையில் நின்றார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் டிரெய்லர்கள் எண்ணூர் ரோடு வரை நின்றுவிட்டன.

"இன்னா சிஸ்டம்பா இது?" என்றான் அறிவு. "முன்னல்லாம் நானே போயி கேட்டுக்குவேன். இப்ப எனுக்கோசரம் சாலமன் நடக்கறாரு. பாவம், முட்டி வலி வேற."

சரி, பிரிவுத் தலைவர்களே வேண்டாம் என்று எல்லாரையும் மேனேஜருக்கு நேர் கீழே போட்டான். வியாழன் காலை அலெக்ஸாண்டரின் போனில் நூற்று நாற்பது கோரிக்கைகள். பத்து வரை படித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓகே, ஓகே என்று அழுத்தித் தள்ளினார். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்கள் பதினொரு பேருக்கும் ஒரே நாளில் லீவு! பதினொரு பேரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். யார்டில் காக்காய்தான் நடமாடியது.

"டேய், நாளைக்கு ஹெட் ஆபீஸ்லேந்து வராங்கடா!" அலெக்ஸாண்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "உன் பர்மனெண்டுக்கு நான் திங்கக்கெழமையே சிஸ்டத்துல போட்டு அனுப்பிட்டேன். மொதல்ல இந்த பேஜாரை முடி!"

பாஸ்கலுக்கு இப்போதுதான் புரிந்தது. அக்கா இருக்கும்வரை இந்த யார்டில் ஒருத்தனும் வேறு பக்கம் திரும்பமாட்டான். வெள்ளிக்கிழமை காலை பிரிவுத் தலைவர்களைப் பழையபடி போட்டுவிட்டு, குணசுந்தரியின் பெயரையே டைரக்டரியிலிருந்து தூக்கினான். நிஜமாகவே அழிக்கவா என்று கம்ப்யூட்டர் மூன்று தடவை கேட்டது. இன்னும் ஏதேதோ நீளமாக எழுதிக் காட்டியது. படிக்க யாருக்கு நேரம்? மூன்று தடவையும் சரி, சரி, சரி.

என்ன ஆச்சரியம், யார்டு ஓடியது! பிரிவுத் தலைவர்கள் முனகிக்கொண்டே தாங்களே ஓகே அழுத்தினார்கள். டிரெய்லர்கள் சரசரவென்று உள்ளே வந்தன. ஹெட் ஆபீஸ்காரர்கள் திரையைப் பார்த்தார்கள். காத்திருக்கும் கோரிக்கைகள்: பூஜ்யம். பாஸ்கலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மெர்லினின் அப்பாவுக்குப் போன் போட்டான்.

"மாமா, ஆர்டர் இன்னைக்கு வந்துடும்! ஞாயித்துக்கெழமையே ஓலை வாசிக்கச் சொல்லிடுங்க!"

"ஃபாதர்கிட்ட இப்பவே போறேன், மாப்ள" என்றார் அவர். மாப்பிள்ளை! மூன்று வருடத்தில் முதல் தடவை. பாஸ்கலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்போது கையில் லட்டு டப்பாவோடு மூச்சு வாங்க வந்து நின்றார் குணசுந்தரி.

"நைனா, அல்லாரையும் மாத்துன நீ, உன்ன மாத்திக்க மறந்துட்ட போலகீது, உன் பர்மனெண்ட் ஆர்டரு திங்கக்கெழமையே என் போனுக்குத்தான் வந்துச்சு, வெள்ளிக்கெழமை பன்னெண்டேகாலுக்கு நல்ல நேரம், அப்ப ஓகே அமுக்கலாம்னு வெச்சிருந்தேன், இப்ப தொறந்து பாத்தா ஆர்டரையும் காணோம், என்னையும் காணோம்!"