பேனாவுக்கு ஒரு சட்டை

"மோந்து பாருய்யா" என்று வந்தவர் பேனாவை வேதாசலத்தின் மூக்கருகே நீட்டினார். கருகிய ரப்பர் நாற்றம் குப்பென்று அடித்தது.

"இன்னா சார் ஆச்சு?"

"நீ பேப்பர்ல நீட்டமா சுருட்டிக் குடுத்தே. எங்க வீட்ல ஊதுவத்தின்னு நெனச்சி, சாமி படத்தாண்ட சொருகி முனையில நெருப்பு வச்சிட்டாங்க. எங்க மாமியார் இருமிகினே தெருவுக்கு ஓடினாங்க."

வேதாசலம் வேறு பேனா கொடுத்து அவரைச் சமாதானம் செய்தான்.

திருத்தணியில், மலைப்படிகள் தொடங்கும் இடத்தில், தேங்காய்க் கடையை ஒட்டி அவன் கடை. கறுப்பு ரப்பர்த் தண்டைக் கையால் சுற்றும் கடைசல் மிசினில் கடைந்து, நிப்பு பொருத்தி, எழுதிப் பார்த்த பிறகுதான் விலைக்கு வைப்பான். ஒன்றேகால் ரூபாய். வெண்ணெயில் கத்தி போவதுபோல் எழுதும். ஆனால் வாங்கத்தான் ஆளில்லை.

மனைவி பங்காருவின் தம்பி நாகேந்திரனுக்கு அம்மையார்குப்பத்தில் நெசவு. அவன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

"ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாருங்க பாவா. விக்கலன்னா கடைசல் மிசினை வித்துட்டு எங்கூட வந்துடுங்க. உங்களுக்குக் குழிகூட வெட்டி வச்சிட்டேன்."

"குழியா?"

"தறிக்குழி பாவா! அதுக்குள்ள மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சே!"

கடைசலை விற்பதா? அதற்கு விரலை விற்றுவிடலாம் என்றிருந்தது வேதாசலத்துக்கு. குற்றம் பேனாவில் இல்லை, சுற்றிக் கொடுப்பதில்தான் இருக்கிறது என்று தீர்மானித்தான். கூடை முடைகிறவர்களிடம் சொல்லி மூங்கில் குழாய் வெட்டி வாங்கி, மூடி போட்டு, அதற்குள் பேனாவை வைத்தான்.

குழாய் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மலைமேல் கொடுத்த விபூதியைச் சிந்தாமல் ஊருக்குக் கொண்டுபோக அதைவிட வசதி உண்டா, நீங்களே சொல்லுங்கள். பேனாவின் தலைமேலேயே கொட்டிக்கொண்டு போனார்கள்.

பள்ளிப்பட்டு குமாஸ்தா ஒருவர் மறுவாரமே வந்து நின்றார்.

"எழுதலியேன்னு உதறினேன். ஆபீசர் மேசை பூரா விபூதி."

"ஐயய்யோ! கோவிச்சிகினாரா?"

"மொதல்ல கண்ணை மூடி நெத்தியில இட்டுகினாரு. கண்ணைத் தொறந்தப்புறம்தான் திட்டினாரு."

அன்று வேதாசலம் சரியாகச் சாப்பிடவில்லை. பங்காருவுக்கு மனசு பொறுக்கவில்லை.

"மனுசனுக்கு மேல்சட்டை மாதிரி, அதுக்கும் துணி சுத்துங்களேன். தம்பி வீட்ல துண்டுத்துணி சும்மாதானே கெடக்குது?"

நாகேந்திரன் முனகிக்கொண்டே ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டான். வெள்ளைத் துணி கைபட்டால் அழுக்காகுமே என்று பங்காரு அதை மஞ்சள் நீரில் முக்கிக் காயவைத்தாள். உள்ளே பேனா உடையாதபடி நாலு சுற்றுச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டினாள்.

"லட்சணமாத்தான் கீது" என்றான் வேதாசலம்.

கிருத்திகைக் கூட்டம் சேர ஆரம்பித்தது. முதல் நாளே ஒரு அம்மாள் நின்றாள்.

"இது ஒண்ணேகால்தானே?"

"ஆங், ஒண்ணேகால்தான்."

பேரம் பேசவில்லை. பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு படியேறிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்துப் பின்னால் பத்துப் பேர். கைநாட்டு வைக்கிற ஒரு கிழவர் ஐந்து வாங்கினார்.

"அஞ்சா? இன்னாத்துக்கு தாத்தா?"

"வூட்ல அஞ்சி பேருப்பா. ஆளுக்கு ஒண்ணு வேணாமா?"

வேதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா பங்காரு! எழுத்து தெரியாதவங்களுக்குக்கூட பேனாமேல எம்மாம் பக்தி! நாட்டுல படிப்பு எப்படிப் பரவுது பாரு!"

"அப்படியே பரவட்டும். நீங்க கடையுங்க. என் கையெல்லாம் மஞ்சளாப் போச்சு."

இரண்டு பேரும் தூங்காமல் உழைத்தார்கள். எத்தனை செய்தாலும் போதவில்லை. அதைவிடப் பெரிய ஆச்சரியம், குறை சொல்லி ஒரு ஆள் திரும்பி வரவில்லை. மை கசிகிறது என்பாரில்லை, நிப்பு கீறுகிறது என்பாரில்லை. வேதாசலம் கடை வாசலில் புதுப் பலகை மாட்டினான்: 'எழுதிப் பார்க்கத் தேவையில்லை'.

திருவிழா முடிந்து நாகேந்திரன் வந்தான். வேதாசலம் காலியான தட்டைக் காட்டினான்.

"பாத்துக்கோ. ஒண்ணுகூட மிச்சமில்ல. போய் அந்தக் குழியை மண்ணு போட்டு மூடு."

"நெசம்மாவே வித்துப்போச்சா பாவா?" நாகேந்திரனால் நம்ப முடியவில்லை. "நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

"பேனான்னா சும்மாவா! யாரு மதிச்சாங்களோ இல்லியோ, ஜனங்க மதிச்சாங்க." வேதாசலம் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். "அடுத்த வருசத்துக்கு இப்பவே துணி நெய்ய ஆரம்பிச்சிடு."

அப்போது மலைமேலிருந்து வீரபத்திரன் இறங்கி வந்தார். கோயில் உண்டியல் திறக்கும்போது காசு எண்ண உட்காருகிறவர்களில் அவர் ஒருவர்.

"வாங்க வாங்க! உங்களுக்குத் தரத்தான் ஒரு பேனாகூட இல்லாமப் போச்சு" என்றான் வேதாசலம் பெருமையாக.

"பேனா வேணாம் நைனா, மை மட்டும் ரெண்டு பாட்டில் குடு" என்றார் வீரபத்திரன், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "ஒண்ணேகால் ரூபா வேண்டுதல் காசை நீயே மஞ்சத்துணியில முடிஞ்சி விக்கறேன்னு நெனச்சிகினு, உங்கிட்ட வாங்கின ஜனங்க மொத்தமும் பிரிக்காம உண்டியல்ல போட்டுட்டுப் போயிருக்குது!"