மலைக்கேட்டின் கொண்டி

மார்ச் மாதத்திலிருந்து மூன்றாவது தடவையாக மலைப்பாதைக் கேட்டின் கொண்டி உடைந்து கிடந்தது. திங்கள் சாயந்திரம் வரை நன்றாக இருந்ததுதான்.

வில்ஃப் ஹார்ட்லி குனிந்து பார்த்தார். முட்டி கரகரத்தது. யார்க்‌ஷயர் மேட்டில் முப்பது வருஷமாகக் குதிரைப்பாதைக் கேட்டுகளைப் பழுது பார்க்கிறவர். நீளப் பிடி வைத்த கொண்டி அது. குதிரை மேல் இருந்தபடியே ஒரு கையால் தள்ளிக்கொண்டு போகலாம். உடைந்தால் இறங்கத்தான் வேண்டும். ஐம்பது தாண்டினவர்களுக்கு இறங்குவதுகூடப் பரவாயில்லை, திரும்ப ஏறுவதுதான் பெரும்பாடு. அதனால் யாராவது நின்று திறந்துவிட வேண்டியிருந்தது.

உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான். செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று. குளம்புச் சத்தம் நெருங்கி வந்தது.

"மறுபடியுமா, மிஸ்டர் ஹார்ட்லி?"

"மறுபடியும்தாங்க."

மிஸஸ் கார்ஸ்டன். புருஷன் போய் நாலு வருஷம். வில்ஃப் கேட்டைத் திறந்து பிடித்தார். சாம்பல் நிறக் குதிரை அவர் பையிலிருந்த பெப்பர்மின்ட்டைத் தேடி மூக்கை நுழைத்தது.

'என் ஃபிளாஸ்க்ல டீ இருக்கு, ஒரு வாய் குடிச்சுட்டுப் போறீங்களா?' ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வாக்கியம். வாயைத் திறந்தார்.

"மழை வரும்போல இருக்குங்க."

"ஆமா. வரும்."

அவ்வளவுதான். அடுத்த செவ்வாய் வரை அந்த இரண்டு வார்த்தைகளோடு பிழைப்பு ஓடியது.

ஆனால் வேலை வேலைதானே. இரும்பில் வட்டமாக ஒரு பள்ளம். பக்கத்து வயல்காரர் ஆக்டனின் காளை முட்டியிருக்கும் என்று நேரே போய்ச் சண்டை பிடித்தார்.

"டேய் வில்ஃப், என் மாடு காலண்டர் பாத்தா முட்டுது? கரெக்டா செவ்வாக்கிழமைக்கு முன்னாடி?" என்றார் ஆக்டன். இருந்தாலும் காளையைக் கீழ்வயலுக்கு மாற்றினார். அது சுவரைத் தாண்டிப் போய்ப் பாதிரியாரின் முட்டைக்கோஸ் பாத்தியை மொத்தமாகத் தின்று தீர்த்தது.

எல்லாவற்றுக்கும் அந்தக் கேட்தான் காரணம் என்று பாதிரியார் ஊராட்சியில் சொல்ல, வில்ஃபுக்குக் கடிதம் வந்தது. இன்னொரு முறை உடைந்தால் தானே மூடிக்கொள்ளும் எஃகுக் கேட் போடப்படும், அதன்பின் திரு. ஹார்ட்லி தேவைப்பட மாட்டார்.

உடைந்தால் எஃகுக் கேட். உடையாவிட்டால் அங்கே நிற்கச் சாக்கு இல்லை. இரண்டு பக்கமும் இடி. கடைசியில் எதையும் ஒழுங்காகச் செய்கிற கைப்பழக்கம்தான் ஜெயித்தது. லாடம் அடிக்கும் ஜெட்டின் பட்டறைக்குப் போனார்.

"பெரிய சுத்தியலக் குடு ஜெட்."

"அது இல்லப்பா. ஒருத்தங்க இரவல் வாங்கிட்டுப் போயிருக்காங்க. சின்னத எடுத்துட்டுப் போய் அடி."

இரண்டு நாள் அடித்தார். வாழ்நாளில் அப்படி ஒரு கொண்டி அவர் செய்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மிஸஸ் கார்ஸ்டன் லேசாகத் தள்ளினார். டக்கென்று திறந்தது. குதிரை பெப்பர்மின்ட்டுக்காக நின்றது; அவர் கடிவாளத்தை இழுத்தார்.

"நல்லா பலமாப் பண்ணிட்டீங்க" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அடுத்த செவ்வாய் வில்ஃப் வேலி வெட்டுகிற சாக்கில் போய் நின்றார். ஒரே முள்செடியை மூன்று தடவை வெட்டினார். குளம்புச் சத்தம் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. காற்றில் எந்தச் சத்தம் கேட்டாலும் நிமிர்ந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. பையில் பெப்பர்மின்ட் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டது. டீ ஃபிளாஸ்க்கிலேயே ஆறிப்போனது.

இத்தனை வருஷத்தில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டோமே என்று முதல் தடவையாக நொந்துகொண்டு, சின்னச் சுத்தியலைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

ஜெட் பெரிய சுத்தியலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் முகம் சிதைந்திருந்தது.

"ஏம்ப்பா வில்ஃப், அந்தக் கொண்டியில என்ன எழவு இரும்பப் போட்டே? மிஸஸ் கார்ஸ்டன் கையில சுளுக்குக் கட்டோட வந்து இதத் திருப்பிக் குடுத்துட்டு, 'இதவிடப் பெருசு ஒண்ணு கெடைக்குமா'ன்னு கேட்டுட்டுப் போறாங்க!"