பிசின் பாவாவின் ஈரப் பரிசோதனை

எங்கள் திருத்தணியில் பிசின் பாவாவின் கை படாத மொட்டைத்தலை கிடையாது. கை பட்டதில் ஒரு தலையாவது அவரை வாழ்த்தியதா என்றால், அதுவும் கிடையாது.

முடி இறக்கி, குளத்தில் முழுகி எழுந்து வருகிற தலைக்குச் சந்தனம் பூசுவது அவர் தொழில். தெருவுக்கே அவர் பாவாதான், அக்கா புருஷன் முறை. சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம். பக்கத்து வீடு என்றாலும் நான் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவேன்.

பெயருக்கு முன்னால் பிசின் வந்து சேர்ந்தது அவர் மனைவி ரங்கம்மா அக்காவின் காலால். அக்காவுக்குச் சர்க்கரை. பாதத்தில் ஒரு புண், எந்நேரமும் நீர் கசியும். எந்தப் பிளாஸ்திரியும் அதில் நிற்காது. ஈயை விரட்டவே அக்காவுக்குப் பொழுது சரியாக இருந்தது. இப்படியே அழுகினால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் பாவாவுக்கு வேறு பேச்சே இல்லை: ஈரத்தில் எது ஒட்டும்?

"தங்கச்சி, வூட்ல வெண்டைக்கா எதுனா கீதா?"

"கொழம்புக்கு வெச்சிகினு இருக்கேன் பாவா."

"கொழம்பு நாளைக்கு வெச்சிக்கலாம். வழவழப்பு இன்னிக்கே வோணும்."

வெண்டைக்காய், முருங்கைப் பிசின், புளியங்கொட்டைக் கூழ் எல்லாவற்றுக்கும் பரீட்சை நடந்தது எங்கள் துணி துவைக்கிற கல்லின்மேல்தான். பூசுவார், தண்ணீர் ஊற்றுவார், காத்திருப்பார். எல்லாமே தோசை மாதிரி உரிந்து வந்துவிடும். கல்லில் ஒட்டாதது எங்கள் துணியில் நன்றாக ஒட்டியது. ஒருநாள் என் வீட்டுக்காரர் சட்டைக்குள் கை நுழையாமல் போராடி ஆர்.கே.பேட்டை பஸ்ஸைத் தவறவிட்டார்.

பாவா கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கல்லு மேல தண்ணி மொதல்லியே குந்திகினு கீது தங்கச்சி. நம்ம பிசினு அது மடியில போய் குந்துது. தண்ணி எழுந்தா இதுவும் கூடவே எழுந்து போவுது. ஆனா கொளத்துப் படியில பாசி பாரு, தண்ணிக்குள்ளவே கல்லைப் புடிச்சிகினு கீது. அதுக்கு மட்டும் எப்படி?"

முடி இறக்குபவர் பெட்டியிலிருந்து, கத்தி பட்ட காயத்துக்குத் தடவுகிற படிகாரத்தைப் பாவா எடுத்துப் புளியங்கொட்டைக் கூழில் கலந்தது அதற்கப்புறம்தான். ஈரத் தலையும் ஈரப் புண்ணும் ஒன்று என்பது அவர் கணக்கு. அதில் சந்தனத்தைக் குழைத்து, பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒருவர் தலையில் பூசிவிட்டார். அந்த மனிதர் மலைக்குப் போய்வந்து, மறுபடி குளத்தில் முழுகினார். சந்தனம் இறங்கவில்லை. அவர் மனைவி தேங்காய் நார் வாங்கித் தேய்த்தாள். தலை சிவந்ததே தவிர மஞ்சள் போகவில்லை.

"யோவ், இன்னாய்யா பூசின? இந்தத் தலையோட எப்படிய்யா வேலைக்குப் போவேன்?"

"எறங்கலியா? நெசமாவா? இன்னொரு வாட்டி முழுவு நைனா, நான் பாக்கணும்!"

விழுந்தது அறை. வீங்கின கன்னத்தோடு சிரித்துக்கொண்டே ஓடிவந்து, எங்கள் கல்லிலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு அதைப் பூசினார். அதுவும் நின்றது. அப்புறம் தன் முழங்காலுக்குக் கீழே தோல் சிராய்த்திருந்த இடத்தில் பூசிக்கொண்டார். அதுவும் நின்றது.

மறுநாள் காலில் பூசியதை உரித்துப் பார்த்தார். தோலும் சேர்ந்து வந்தது. எங்கள் வாசலில் உட்கார்ந்து ரத்தத்தைத் துடைத்தபடி, "ஒட்டுது தங்கச்சி. வுடமாட்டேங்குது" என்றார்.

அவர் வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "எனக்கு வெச்சிப் பாரேன்யா. எப்படியும் போற காலுதானே?"

"சும்மா கெட!" என்றார். பாவா அவளை அதட்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிசின் கிண்ணத்தைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

சென்னை ஆஸ்பத்திரியில் அக்காவின் காலை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் நர்சம்மா ஏதோ பஞ்சு மாதிரி வைத்தாளாம். அது புண்ணின் ஈரத்தைக் குடித்துக் கூழாகி, புண்ணோடு பொருந்தி உட்கார்ந்ததாம். மாற்றும்போது அக்கா முகம் சுளிக்காமல் வந்துவிட்டதாம். எதில் செய்தது என்று இவர் கேட்க, கடல்பாசி என்றாளாம்.

"பாசிதான் தங்கச்சி," என்றார் என்னிடம். "கொளத்துல தேடிகினு இருந்தேன். அது கடல்ல இருந்திருக்குது." சிரிக்கத்தான் பார்த்தார்.

ரங்கம்மா அக்கா அந்த ஆடிக் கிருத்திகையைப் பார்க்கவில்லை. பாவா திரும்பவும் வெறும் சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்துப் பூசினார். மழை வந்தால் அது வழிந்தது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார்.

போன வாரம் என் மருமகள் கத்தியோடு துவைக்கிற கல்லருகே உட்கார்ந்தாள். "இன்னா அத்தை இது, எம்மாந் தேய்ச்சாலும் போவல. சொரண்டிடட்டா?"

கத்தியை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். அந்த ரூபாய் அகலத்தை விட்டுவிட்டுத்தான் நான் துணி துவைக்கிறேன்.