அடகுக்குப் போன வாளும் ஒரு பூசணிக்காயும்

கையெழுத்துப் போட்டால் காசு கொடுக்க வேண்டாம் என்று நம்பிய மனிதனை நீங்கள் பார்த்ததில்லை என்றால், இதோ, என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் சாதாரண ஆள் இல்லை. இருபத்திரண்டு வயதில் தோளில் நட்சத்திரம் குத்தி, இடுப்பில் வாள் தொங்கவிட்டு, ஜொகூர் பாரு கடைத்தெருவில் உலாவிய படை அதிகாரி!

அது முப்பதுகளின் தொடக்கம். அப்பா சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர். அதிகாரி ஆனவன் சீருடையையும் வாளையும் சொந்தக் காசில் வாங்க வேண்டும். அப்பாதான் வாங்கித் தந்தார். "போனஸ் வந்துச்சுடா" என்றார். ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்த வருஷத்தில் எந்தத் துரை போனஸ் கொடுத்தான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. (அந்தப் புத்தி இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.)

அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் யாரும் பையில் கை விடுவதில்லை. சோடா, சிகரெட், கோழி வறுவல், எது கேட்டாலும் கூடவே ஒரு துண்டுச் சீட்டு வரும். கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. சர்க்காரே சோறு போடுகிறது, யார் யார் சாப்பிட்டார்கள் என்று பெயர் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். தோட்டத்துக் கோயில் அன்னதானத்துக்குப் பிறகு நான் பார்த்த பெரிய தர்மம் அது. நண்பர்களைக் கூட்டிவந்தேன். நண்பர்களின் நண்பர்களையும் கூட்டிவந்தேன். "கூச்சப்படாம சாப்பிடுங்க லா, நான் இருக்கேன்!" என்று முதுகில் வேறு தட்டிக்கொடுத்தேன்.

மாதக் கடைசியில் அந்தச் சீட்டுகள் எல்லாம் ஒரே கட்டாகத் திரும்பி வந்தன. தொண்ணூற்றாறு வெள்ளி, அதாவது மலாயா டாலர்! என் சம்பளம் எண்பது. அதிலும் பாதி ஏற்கெனவே ஒரு கிராமபோன் பெட்டியாக மாறி என் அறையில் பாடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பத்தாம் தேதிக்குள் கட்டாவிட்டால் விஷயம் கர்னலிடம் போகும், பிறகு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார் மெஸ் குமாஸ்தா. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

வாளை அடகு வைத்துப் பில்லைக் கட்டினேன். (கிராமபோனை வைத்திருக்கலாமே என்கிறீர்களா? அப்புறம் பாட்டு யார் கேட்பது?) உறை மட்டும் வெறுமையாகத் தொங்கினால் மானம் போகும். அதனால் தச்சரிடம் மரத்தில் ஒரு கைப்பிடி செய்து வாங்கி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி உறையில் செருகினேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அசல் வாள்தான். அடுத்த மாதம் பெரிய அணிவகுப்பு. அதற்குள் மீட்காவிட்டால் என் உத்தியோகம் போய்விடும். எப்படி மீட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அப்பாவின் கடிதம் வந்தது. ஆயுத பூஜைக்கு வாளோடு வரவும்.

தோட்டமே ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டின் முன்னால் கூடியிருந்தது. பால் வெட்டும் கத்திகள், வாளிகள், லாரி, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. நட்டநடுவில் ஒரு தலைவாழை இலை காலியாகக் கிடந்தது. என் வாளுக்காம்.

"உருவி வைப்பா, பொட்டு வைக்கணும்" என்றார் அம்மா.

"மேலிடத்து உத்தரவு இல்லாம உருவக் கூடாதும்மா."

"பாத்தீங்களா, அதான் டிசிப்ளின்!" என்று அப்பா கூட்டத்தைப் பார்த்துப் பூரித்தார். உறையோடு இலையில் வைத்தேன். கற்பூரமும் காட்டியாயிற்று. தப்பித்தோம் என்று மூச்சு விடும்போதுதான் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"திருஷ்டிக் காய தம்பி வெட்டட்டும்! ஆபீசர் கையால ஒரே வெட்டு!"

கூட்டம் கை தட்டியது. அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. "உத்தரவுதான வேணும்? நான் குடுக்கறேன்டா!" என்று கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்து, வானத்தைப் பார்க்கத் தூக்கினார்.

கையில் வெள்ளித்தாள் சுற்றிய மரக்கட்டை. தூக்கிய கை அப்படியே நின்றது.

"அலமாக்!" என்று மலாயில் ஐயோ போட்டார் லாரி டிரைவர்.

"கத்தி எங்கடா?" என்றார் அம்மா.

"அடகுல இருக்கும்மா. ஜொகூர் பாருல, தங்கப்பல்லு சீன முதலாளி, அந்தத் தவுக்கே கடையில."

"அந்தப் பாவிகிட்டயா?" அப்பா கத்தினார். "வட்டியிலயே கழுத்த அறுப்பானேடா! நான் வச்சப்பவே..."

சட்டென்று நிறுத்தினார். ஆனால் வாய் முந்திக்கொண்டுவிட்டது. அம்மா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னத்த வச்சீங்க?"

அம்மா விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் அலறல். தங்கச்சி கல்யாணத்துக்கென்று வைத்திருந்த நாலு தங்க வளையலும் பெட்டியில் இல்லை. போனஸ் என்று அப்பா சொன்னது அதை அடகு வைத்த காசைத்தான்.

தங்கச்சியின் வளையல் என் வாளாகி, அந்த வாள் கோழி வறுவலாகி, ஊர் பேர் தெரியாதவன் வயிற்றுக்கெல்லாம் போயிருக்கிறது! அவளோ வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அம்மா ரொம்ப நேரம் அழவில்லை. தன் இரண்டு பால் மாடுகளை விற்றார். என் கிராமபோனையும் விற்கவைத்தார். எங்கள் இருவரையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்து ரயிலில் வந்து, வளையலையும் வாளையும் ஒன்றாக மீட்டார். கடை வாசலிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "இனிமே ரெண்டு பேர் சம்பளமும் என் கைக்கு வரணும்." கைச்செலவுக்கு எனக்குப் பத்து வெள்ளி, அப்பாவுக்கு ஐந்து. அணிவகுப்பில் அசல் வாளோடு நடந்தேன். கர்னலுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது.

படையை விட்டபோது அந்த வாளையும் விற்றுவிட்டேன். மரக்கைப்பிடி மட்டும் அம்மாவின் பெட்டியில் பத்திரமாக இருந்தது. இன்றும் ஆயுத பூஜையன்று வீட்டில் முதல் பொட்டு அதற்குத்தான். வைப்பவள் தங்கச்சி. அந்த நாலு வளையலையும் மாட்டிக்கொண்டு வந்து, கையை வேண்டுமென்றே ஆட்டி, "எங்க, ஒரு தடவ உருவுண்ணே, பாப்போம்!" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே விழுந்து கும்பிடுவேன். ஆனால் அந்த வளையல் சத்தம் கேட்டால் மட்டும், மெஸ் பில் வந்த மாதிரி எனக்கு இப்போதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது.