மெர்லினோட கராத்தே பேனர்

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. ஒரு பேனர் அடிச்சு வாங்கணும்.

பேனர் எனக்கில்ல, மெர்லினுக்கு. மும்பை தாராவில எங்க வீடும் அவ வீடும் ஒரே சந்து. நான் கல்யாணமாகி செம்பூர் வந்துட்டேன். அவ கராத்தேல பிளாக் பெல்ட். இத்தனை நாள் ஸ்கூல் ஸ்கூலா போய்ச் சொல்லிக் குடுத்தவ, இப்பதான் சொந்தமா கிளாஸ் ஆரம்பிக்கறா. ஞாயித்துக்கிழமை காலைல எங்க பில்டிங் ஹாலைக் கேட்டு வாங்கிக் குடுத்ததே நான்தான்.

"ஏட்டி, வெறும் கராத்தேன்னு போடாத. கெத்தா இங்கிலீஷ்ல போடு. நீதான் ஆபீஸ்ல நாள் பூரா இங்கிலீஷ் மெயிலா அனுப்புதியே"ன்னா.

இது போதாதா எனக்கு!

ட்ரெய்ன்ல தொங்கிக்கிட்டே டைப் பண்ணி, தாராவி பேனர் கடைக்கு அனுப்பிட்டேன்.

"ஸ்பெல்லிங் பாத்துட்டியாம்மா? அடிச்ச பெறவு என்கிட்ட வரக்கூடாது"ன்னார் கடைக்காரர்.

"அண்ணாச்சி, யார்கிட்ட கேக்கறீங்க!"

சாயங்காலம் கேட்ல பேனர் ஏறிடுச்சு. நான் எழுதினதா நினைச்சது 'மார்ஷியல் ஆர்ட்ஸ்'. அதாவது தற்காப்புக் கலை. ஆனா இங்கிலீஷ்ல 'டி'யும் 'ஐ'யும் இடம் மாறி, விழுந்திருந்தது 'மேரிட்டல் ஆர்ட்ஸ்'. அதாவது தாம்பத்தியக் கலை!

கீழே: "முதல் கிளாஸ் இலவசம். பாய் நீங்களே கொண்டு வரவும்." அதுக்கும் கீழே என் ஃபோன் நம்பர்.

இது எனக்கு மட்டும் தெரியாது. செம்பூருக்கே தெரியும்.

முதல் கால், ஒரு அம்மா. ஹிந்தில ஆரம்பிச்சாங்க.

"மேடம், ஹஸ்பெண்டும் வரணுமா?"

"வந்தா நல்லதுங்க. ஜோடியா பிராக்டிஸ் பண்ணலாம்."

"அவருக்கு முதுகு வலியாச்சே."

"பரவால்ல, முதல்ல எப்படி விழணும்னுதான் சொல்லிக் குடுப்பாங்க."

"டீச்சர் லேடியா?"

"ஆமா! பிளாக் பெல்ட்!"

"பெல்ட்டெல்லாமா?" டக்குன்னு கட் ஆயிடுச்சு.

அடுத்தது ஒரு ஆளு. குசுகுசுன்னு பேசறார். "என் ஒய்ஃபுக்குத் தெரியாம வரலாமா?"

"தாராளமா சார். நல்லா கத்துக்கிட்டு ஒரு நாள் வீட்ல சர்ப்ரைஸா காட்டுங்க."

"வலிக்குமா?"

"எதிர்ல இருக்கறவங்களுக்குத்தான் வலிக்கும்!"

ஃபோன் வந்துக்கிட்டே இருக்கு. எனக்குப் பெருமை தாங்கல. செம்பூருக்கு கராத்தே மேல இவ்வளவு வெறியா!

சனிக்கிழமை காலைல பெல் அடிச்சுது. செக்ரட்டரி மாமா.

"ஏம்மா, ஹாலை கராத்தேக்குன்னுதானே கேட்டே?"

"ஆமா மாமா."

"கேட்ல போய்ப் படி. மத்தியானத்துக்குள்ள அதை இறக்கலேன்னா ஹால் கிடையாது. எங்காத்து மாமி வேற பேர் குடுக்கணும்கறா!"

ஓடினேன். எழுத்துக் கூட்டிப் படிச்சேன். நேத்து நான் சொன்ன பதில் ஒவ்வொண்ணும் காதுல திரும்பக் கேக்குது. அய்யோ, அந்த முதுகு வலி!

மெர்லினுக்கு ஃபோன் பண்ணி அழுதேன்.

"கூறுகெட்டவளே! கல்யாணமே ஆவாதவ நான். என்னையப் போயி தாம்பத்தியம் சொல்லிக் குடுக்க வச்சிட்டியே! ஒருத்தனும் வரமாட்டான், பாரு!"

பேனரை இறக்கிட்டு, சார்ட் பேப்பர்ல 'கராத்தே'ன்னு எழுதி ஒட்டினேன்.

ஞாயித்துக்கிழமை ஹால் நிரம்பி வழியுது! கராத்தே கத்துக்கற மூஞ்சி ஒண்ணு கூட இல்ல. எல்லாம் ஜோடி ஜோடியா, கக்கத்துல பாயோட. யாரும் யார் முகத்தையும் பாக்கல. குரலை வச்சே கண்டுபிடிச்சேன், அந்தக் குசுகுசு மனுஷன் ஒரு மூலைல. அந்தப் பக்க மூலைல ஒரு அம்மா அவரையே முறைக்கறாங்க.

"ஏங்க, முதுகு வலின்னீங்க?"

அவர் பாயைப் பின்னாடி ஒளிச்சார்.

மெர்லின் வெள்ளை டிரெஸ்ல, பெல்ட்டோட முன்னாடி வந்து நின்னா. "பேனர்ல தப்பாயிடுச்சு. இது கராத்தே கிளாஸ். போறவங்க போலாம்"னா.

யாரும் அசையல! எழுந்து போனா எதுக்கு வந்தோம்னு ஊருக்கே தெரிஞ்சுடுமே!

"நாங்க கராத்தேக்குத்தான் வந்தோம்"னார் ஒருத்தர். "ஆமா ஆமா, கராத்தேக்குத்தான்"னு மொத்த ஹாலும் தலையாட்டிச்சு.

வேற வழி? எல்லாரும் பேர் குடுத்தாங்க. மெர்லினோட முதல் பேட்ச் ஃபுல்.

இத்தனைக்கும், டைப் பண்றப்ப ஃபோன் அந்த வார்த்தைக்கு ஒரு சிவப்புக் கோடு கூடப் போடல. கோடு வரலைன்னா நாம எழுதினது சரின்னு அர்த்தமில்லீங்க, தப்பான வார்த்தையைத் தப்பில்லாம எழுதியிருக்கோம்னு அர்த்தம்.