கோபால்ட்டைக் கழுவிய கதை

தூளைப் போட்டால் தண்ணீரில் இருக்கும் கோபால்ட் குறைய வேண்டும். கூடியிருந்தது.

ஆராய்ச்சிக்காரி மீட்டரை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். அதே கதைதான். பக்கத்தில் இயக்குநர் கைகட்டி நின்றார். இன்றைக்குச் சொதப்பினால் திட்டத்துக்கு மூடுவிழா, அவளுக்கு விற்பனைப் பிரிவில் நாற்காலி என்று முன்பே சொல்லிவிட்டார். வருஷக்கணக்கான உழைப்பு. 

அணு உலைக் கழிவுநீரில் கதிர்வீசும் கோபால்ட்டை மட்டும் பொறுக்கியெடுக்கப் போகும் தூள் அது. இன்றைக்குச் சாதா கோபால்ட்டில் ஒத்திகை. கோபால்ட்டை உள்ளே வைத்தே பிளாஸ்டிக்கை இறுகவிட்டு, பொடித்து, அமிலத்தில் அலசி அதை வெளியேற்ற வேண்டும். ஈரச் சிமெண்டில் பதிந்த கால்தடம் மாதிரி குழிகள் மிஞ்சும். அந்தக் குழியில் கோபால்ட் வந்து உட்காரும். வேறு உலோகத்துக்கு இடமில்லை.

"அக்கா, காலையில கோபால்ட்டைக் கழுவி ஊத்தினீங்களா?" என்று ஆராய்ச்சிக்காரி கிசுகிசுத்தாள்.

போன வாரம்தான் பார்சல் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்திருந்த உதவியாளர் அக்கா நெஞ்சை நிமிர்த்தினாள். "நேத்து நீங்க சொன்ன மாதிரியே மேடம். மிச்சம் மீதி வைக்கலை."

அப்படியானால் தூள்தான் போதவில்லை. இன்னும் இரண்டு கரண்டி போட்டாள். கோபால்ட் மேலும் ஏறியது.

"பிடிக்கும்னு சொன்னீங்க. குட்டி போடுதே?" என்றார் இயக்குநர்.

தூளை வடிகட்டும் தாளில் கோளாறோ? புதுசு கேட்டு ஸ்டோருக்கு ஓடினாள். எப்போதும் வாய் ஓயாமல் பேசும் ஸ்டோர்காரர், தினமும் போடும் அடர்நீலச் சட்டையில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஸ்டாக் இல்லை" என்று ஜன்னலைச் சாத்தினார். இவருக்கு என்ன வந்தது?

பதற்றத்தில் கைக்குக் கிடைத்த அமிலத்தைக் கொஞ்சம் விட்டுப் பார்த்தாள். மீட்டர் எகிறியது. அப்போதுதான் உறைத்தது. தூளில் ஒரு குழிகூடக் காலியில்லை. எல்லாவற்றிலும் பழைய கோபால்ட் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

"அக்கா! தூளைக் கழுவவே இல்லையா?"

"தூளா? தூளைப் பத்தி நீங்க வாயே திறக்கலையே மேடம்!"

கதவு படீரென்று திறந்தது. ஸ்டோர்காரர் கண்கலங்க நின்றார்.

"இந்த நீலச் சட்டைக்காக எனக்குக் கோபால்ட்னு பேர் வச்சீங்க, பொறுத்துக்கிட்டேன் மேடம். அதுக்காகக் காலங்காத்தால ஆள் அனுப்பி இப்படியா கழுவி ஊத்துவீங்க?"